ரெண்டு வயசுக்கு ஈஸ்டர் கூடை: வாங்குவதா, வாளியில் கட்டுவதா, தைப்பதா?

மார்ச் பிறந்தால் போதும், அமெரிக்கக் கடைகளில் வாசலிலேயே ஈஸ்டர் கூடைகள் வந்து நின்றுவிடும். டார்கெட், வால்மார்ட், டாலர் ட்ரீ, எங்கே போனாலும் பச்சைப் பிளாஸ்டிக் புல், கண்ணாடித்தாள் சுற்றல், மேலே ஒரு ரிப்பன். நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ வளர்ந்தவர்களுக்கு ஈஸ்டர் என்றால் விடியற்காலை ஆராதனை, வீட்டுக்கு வந்ததும் ஆப்பமும் கறியும். முட்டையைப் பொறுக்கிப் போடவும், மிட்டாயும் பொம்மையும் வைத்துக் கொடுக்கவும் என்று இந்தக் கூடை இங்கே வந்து பழகியதுதான். சர்ச்சில் முட்டை தேடும் விளையாட்டு வைப்பார்கள், டேகேரில் கூடை கொண்டு வரச் சொல்வார்கள், நம் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று கிறிஸ்தவர்கள் அல்லாத நம்மவர்களும் ஒன்றைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்கிறார்கள். தேதியும் ஒரு இடத்தில் நிற்பதில்லை, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. அதனால் கடைசி வாரத்தில்தான் பெரும்பாலும் ஞாபகமே வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு மணல் வாளி, அதற்குள் நாலைந்து சாமான், திறந்து மூடும் பெரிய பிளாஸ்டிக் முட்டை கொஞ்சம், இது போதும். தையல் தெரிந்தவர்கள் துணிக்கூடை தைக்கலாம், அது வாளியைவிட ஒரு படி மேல். கடையில் கட்டி வைத்திருக்கும் கூடை என் கணக்கில் கடைசி. ஏனென்றால் இந்த வயதில் குழந்தைக்குப் பொருளின் மேல் ஆசை கிடையாது. போடுவது, எடுப்பது, கவிழ்ப்பது, மறுபடியும் போடுவது, இதுதான் அதற்கு முழுநேர வேலை. சமையலறையில் டப்பா அடுக்கியிருக்கும் அலமாரியைத் திறந்து விட்டுப் பாருங்கள், தெரியும். ஆகவே யோசிக்க வேண்டியது கூடையைப் பற்றித்தான், உள்ளே என்ன வைக்கிறோம் என்பது அப்புறம்.

கடைக்கூடையில் ஒரே லாபம், நேரம். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் கண்ணாடித்தாளைப் பிரித்தால் ஒரு சின்னப் பந்து, சோப்புக் குமிழி பாட்டில், ஒரு முயல் பொம்மை, மிச்ச இடத்தை அடைக்க ஜெல்லி பீன்ஸ், பீப்ஸ் என்று பெயர் போட்ட மார்ஷ்மெல்லோக் குஞ்சுகள், ஃபாயில் சுற்றிய சாக்லேட் முட்டைகள் என்று இருக்கும். ஆறு வயசுப் பிள்ளைக்குச் சரி. இங்குள்ள குழந்தை மருத்துவர்களைக் கேட்டால், கெட்டி மிட்டாய், ஜெல்லி பீன்ஸ், மார்ஷ்மெல்லோ, முழுக் கடலை, பாப்கார்ன், வெட்டாத திராட்சை எதுவும் நாலு வயது வரை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்த்த எதுவுமே வேண்டாம் என்பார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கூடையும் ஒரு பந்தும்தான், அதற்கு எதற்கு அந்த விலை?

இன்னொரு விஷயம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு என்று விற்கும் பொம்மைகளில் சிறு பாகம் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே உண்டு. அதை அளக்க 1.25 அங்குல விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், பொருள் அதற்குள் முழுசாக அடங்கினால் அந்த வயதுக்கு விற்க முடியாது. ஆனால் மிட்டாயை அந்த உருளையில் போட்டு யாரும் பார்ப்பதில்லை. பல கூடைகளின் அடியில் ‘மூன்று வயதுக்கு மேல்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அத்தோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. வீட்டில் அந்த உருளை இல்லாவிட்டால் டாய்லெட் பேப்பர் தீர்ந்த அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் அகலம் கூடுதல், அதனால் இன்னும் கறார். அதற்குள் நுழைந்து விழுகிற எதுவும் கூடைக்குள் வேண்டாம்.

(டொரொன்டோவிலிருந்து அத்தையோ மாமாவோ கிண்டர் சர்ப்ரைஸ் முட்டை கொண்டு வந்தால் அதுவும் இந்த வயதுக்கு ஆகாது. சாக்லேட்டுக்குள் பொம்மை வைத்த அந்த முட்டையை அமெரிக்காவில் விற்கவே முடியாது. தின்பண்டத்துக்குள் தின்ன முடியாத பொருளைப் பொதிந்து விற்கக் கூடாது என்கிற 1938ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நிற்கிறது.)

சரி, நாமே கட்டுவது என்று முடிவு பண்ணியாச்சு. எதில் கட்டுவது?

பிரம்புக்கூடைதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். போட்டோவுக்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, வருஷா வருஷம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொன்று பெயர் போட்டு மாட்டலாம். ஆனால் அந்த உயரமான வளைந்த கைப்பிடி இருக்கிறதே, ஒன்றரை வயசுக் குழந்தை அதைப் பிடித்தால் கூடை தரையில் இழுபடும், குனிந்து முட்டை எடுத்தால் கைப்பிடி நெற்றியில் இடிக்கும். உள்பக்கம் பிரம்பு முடியும் இடங்களில் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாலு வயதுக்கு மேல் நல்ல தேர்வு, அதற்கு முன்னால் வேண்டாம்.

மணல் வாளி என் கட்சி. அடி அகலம், சுலபத்தில் கவிழாது, கைப்பிடி பக்கவாட்டில் மடங்கிவிடும், நனைந்தால் துடைத்து வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அது குப்பையாகிவிடாது. மே மாசம் வெயில் வந்ததும் பார்க்கில் மணலுக்குப் போகும், ஜூலையில் கடற்கரைக்குப் போகும், நடுவில் குளியல் தொட்டியில் நீர் மொள்ளும். வாங்கும்போது கைப்பிடி கம்பியாக இல்லாமல் பிளாஸ்டிக்காகவோ கயிறாகவோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வீட்டில் செய்தது மாதிரி இருக்க வேண்டுமென்றால் பெயரை வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுங்கள், கைப்பிடியில் பழைய பருத்திப் புடவைக் கரையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். ஆனால் ரிப்பனை நீளமாகத் தொங்கவிட வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

காசே செலவில்லாத வழி பால் ஜாடி. இங்கே ஒரு கேலன் பால் வருகிற பிளாஸ்டிக் ஜாடியில் கைப்பிடி அதோடு சேர்ந்தே வார்த்திருக்கும். கழுவிக் காயவைத்து, கைப்பிடியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் மட்டும் சரிவாக வெட்டி எடுத்தால் ஒரு பெரிய கரண்டி மாதிரி வரும், முட்டையை அதாலேயே அள்ளிவிடலாம்! வெட்டிய விளிம்பு கத்திதான், அதனால் துணி டேப்பை மடித்துச் சுற்றிலும் இரண்டு சுற்று ஒட்ட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. எடையே இருக்காது, குழந்தை தூக்கி எறிந்தாலும் யாருக்கும் அடிபடாது. பார்க்க அழகாக இருக்கிறதா என்றால் இல்லை. டேகேருக்கு அனுப்ப, தொலைந்தால் கவலையில்லை என்கிற இடத்துக்கு இதுதான் சரி.

தொப்பியும் ஒரு வழி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஈஸ்டர் முயல் வந்து பிள்ளைகளுக்கு முட்டை வைத்துப் போகும் என்கிற வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களோடு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் முயல் வந்து முட்டை இடட்டும் என்று தங்கள் தொப்பியையே கூடு மாதிரி மடித்து ஒரு மூலையில் வைப்பார்களாம். கூடையெல்லாம் பிறகு வந்தது. அதனால் கோடைக்கு எப்படியும் வாங்கப்போகிற வெயில் தொப்பியை வாய் மேலே இருக்கும்படி மல்லாத்தி வைத்து அதில் நாலு முட்டையைப் போட்டால் ஒரு வயதுக் குழந்தைக்கு அது தாராளம். நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்குக் கைப்பிடி எதற்கு?

ஊரிலிருந்து கொண்டு வந்த பனையோலைக் கொட்டான் வீட்டில் இருந்தால் கை அதன் மேல்தான் போகும், அழகுக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் சாயம் போட்ட ஓலையை எச்சில் ஒழுகும் வாயில் வைத்தால் நிறம் விடும், ஓலையின் ஓரமும் பிஞ்சுக் கையைக் கீறும். மேஜை மேல் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் அவித்த முட்டையை அடுக்குங்கள், குழந்தை கையில் மட்டும் வேண்டாம்.

இப்போது தைப்பது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பேட்டர்ன்களில் முக்கால்வாசி பெரிய பிள்ளைகளின் உயரத்துக்கு இருக்கிறது. அடி 7 அங்குல விட்டம், உயரம் 6 அங்குலம், இது போதும். அரை அங்குலம் தையல் ஓரம் சேர்த்து அடிக்கு 8 அங்குல வட்டம், சுவருக்கு 23 அங்குல நீளம் 7 அங்குல உயரத்தில் ஒரு துண்டு. இதே மாதிரி உள்துணிக்கு ஒரு செட். நடுவில் விறைப்புக்குக் கடையில் விற்கும் ஒட்டுப் பஞ்சு வேண்டாம், பழைய குளியல் துண்டை அதே அளவில் வெட்டி, தையல் ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு வைத்துத் தையுங்கள். ஓரத்தோடு வைத்தால் மெஷினுக்குள் போகாமல் முரண்டு பிடிக்கும்.

பலருக்கும் சிக்கல் வருவது வட்டத்தைச் சுவரோடு சேர்க்கும் இடத்தில். வட்டத்தையும் சுவரின் அடி விளிம்பையும் நாலு சம பங்காக மடித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி ஊசி குத்தி, சுவர்த்துணியின் ஓரத்தில் கால் அங்குல ஆழத்துக்கு வரிசையாக வெட்டு கொடுத்தால் துணி தானாக வளைந்து உட்காரும். வெட்டு கொடுக்காமல் இழுத்துத் தைத்தால் அடியில் சுருக்கம் விழும், பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பிடிக்கு 13 அங்குல நீளம், 5 அங்குல அகலம். நீளவாக்கில் நாலாக மடித்துத் தைத்தால் ஒன்றேகால் அங்குலப் பட்டை கிடைக்கும், விளிம்புக்கு மேலே நாலு அங்குலம் உயரம்தான் நிற்கும், குழந்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் தரையைத் தொடாது. மேல் விளிம்பைச் சேர்க்கும் முன் கைப்பிடியை இரண்டு துணிக்கும் நடுவே செருகி இரட்டைத் தையல் போட வேண்டும், பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் ஆட்டுவார்கள். முயல் காது வைக்கலாம், பெயரைப் பூத்தையலில் போடலாம். பொத்தான், மணி, சம்கி, ஒட்டவைக்கும் கண், இவை எதுவும் கூடாது.

செலவு? புதுத் துணி வாங்கித் தைத்தால் கடைக்கூடையைவிட அதிகம் ஆகும், இதில் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025இல் ஜோஆன் என்கிற தையல் துணிக்கடைகள் மொத்தமாக மூடிவிட்ட பிறகு பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்து அரை கெஜம் வாங்குவதும் பல ஊர்களில் கஷ்டமாகிவிட்டது. பழைய புடவை, கிழிந்த வேட்டி, சின்னதாகிப்போன குழந்தை ஃப்ராக் என்று வீட்டிலேயே துணி இருந்தால்தான் இது லாபம். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருக்கும் சமயம் என்றால் கேட்கவே வேண்டாம், மெஷினை எடுத்து வைத்துவிட்டு அளவைச் சொன்னால் போதும், கூடையோடு அதே துணியில் ஒரு கவுனும் சேர்ந்து வந்துவிடும். மெஷினே தொடாதவர்கள் ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் இதை ஆரம்பிக்க வேண்டாம், வாளிக்கே போங்கள்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் புல் கூடவே கூடாது, நீள நீளமான நார், வாய்க்குப் போகும், கார்பெட்டில் அடுத்த தீபாவளி வரை கிடக்கும், பூனை நாய் தின்றால் குடலில் சிக்கிக்கொள்ளும் என்று கால்நடை மருத்துவர்கள் வருஷா வருஷம் எச்சரிக்கிறார்கள். நறுக்கிய காகிதம் அதைவிடத் தேவலாம், ஆனால் எச்சில் பட்டால் கூழாகும். அழகு என்றால் நிஜப் புல்தான். இந்தியன் ஸ்டோரில் முழுக் கோதுமை வாங்கி ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈர மண்ணில் நெருக்கமாகப் பரப்பி, இரண்டு நாள் இருட்டில் மூடிவைத்து அப்புறம் ஜன்னல் ஓரம் வைத்தால் எட்டுப் பத்து நாளில் நாலைந்து அங்குலம் வளர்ந்து நிற்கும். முளைப்பாரி போட்டுப் பழகிய வீட்டுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதைக் குழந்தையின் கூடைக்குள் வைத்தால் பத்து நிமிஷத்தில் மண்ணோடு பிடுங்கிவிடும், அதனால் தட்டில் வளர்த்து மேஜை மேல் வையுங்கள். கூடைக்குள் போட நான் சொல்வது ஒரு சின்னப் பருத்தித் துப்பட்டா. அடியில் சுருட்டிப் போட்டால் மெத்தென்று இருக்கும், அப்புறம் முகத்தை மூடித் திறந்து விளையாட வேறு ஆகும்.

முட்டையில் இரண்டு கட்சி உண்டு, அவித்துச் சாயம் போட்டதா, பிளாஸ்டிக்கா என்று. இந்த வயதுக்கு பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும், திறக்கலாம் மூடலாம், அதுதானே அதற்கு வேண்டியது. சின்ன சைஸ் பாக்கெட் வேண்டாம், உள்ளங்கை நிறையும் பெரிய முட்டையாக எடுங்கள், குழாய் சோதனை இதற்கும் உண்டு. ஆறோ எட்டோ போதும். ஒளிக்க வேண்டாம், புல்தரையில் கண்ணெதிரே வையுங்கள். ஒரு முட்டையை எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து திறக்கும், பார்க்கும், மூடும், பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்குள் இருபது பொறுக்கியிருக்கும், அதைப் பார்த்து அவசரப்படுத்தாதீர்கள்.

சாயம் போட ஆசையாக இருந்தால் அது பெற்றோருக்கான வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பாஸ் (PAAS) என்கிற முட்டைச் சாய மாத்திரை நியூஜெர்சியின் நியூவர்க்கில் ஒரு மருந்துக்கடையில் பிறந்தது, இன்றும் மலிவு. ஆனால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி இருக்கும்போது எதற்கு? ஒரு கப் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் மஞ்சள் பொடி போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊற்றினால் பளிச் மஞ்சள். வெங்காயச் சருகு வேகவைத்த தண்ணீர் செம்பழுப்பு. சிவப்பு முட்டைக்கோஸ் தண்ணீரில் வினிகர் சேர்த்து, வெள்ளை முட்டையை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் காலையில் நீல முட்டை, இதைப் பார்க்க எனக்கே ஆசை. அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் தின்னக் கொடுக்காதீர்கள். 2025 மார்ச்சில் பறவைக் காய்ச்சலால் டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட் வரை ஏறியபோது சிலர் உருளைக்கிழங்குக்குச் சாயம் அடித்தார்கள். ரெண்டு வயசுக்கு அதுவும் முட்டைதான், கீழே போட்டாலும் உடையாது.

உள்ளே என்ன வைப்பது? எப்படியும் வாங்க வேண்டியதையே வையுங்கள்: கோடைச் செருப்பு, நீச்சல் உடை, மழைக்கால பூட்ஸ். ஒன்றிரண்டு விளையாட்டுக்கு: கெட்டி அட்டைப் புத்தகம், உள்ளங்கை நிறையும் தடித்த கிரேயான், சோப்புக் குமிழி (ஊதுவது நாம்தான்). முயல் பொம்மை என்றால் கண் நூலால் தைத்ததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் முட்டைக்குள் சீரியோஸ், மொறுமொறுவென்று உடையும் ஃப்ரீஸ்-ட்ரைட் ஸ்ட்ராபெர்ரித் துண்டு, வாயில் கரையும் பஃப்ஸ், இப்படி அந்தக் குழந்தை தினமும் தின்கிற ஏதாவது போதும்.

வேண்டவே வேண்டாதது இரண்டு. ஒன்று, தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகள். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் போய்ப் பெருத்துக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. இன்னொன்று, பொத்தான் பேட்டரி போட்ட மின்னும் முட்டைகள். விழுங்கிய பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். இதற்காகவே 2022இல் ரீஸ் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்து பேட்டரி மூடி எளிதில் திறக்கக் கூடாது என்றார்கள். அப்படியும் மலிவுக் கடைச் சாமானை நம்ப முடியாது. உயிருள்ள கோழிக்குஞ்சு வாங்கித் தரலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் குஞ்சைத் தொடவே விடாதீர்கள், சால்மொனெல்லா வரும் என்று இங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

மேலே ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டில்தான் திட்டம் உண்மையிலேயே சோதனைக்கு வரும். பெரியவனுக்கு ஜெல்லி பீன்ஸ் இல்லாமல் முடியாது, சின்னவளுக்கு அது கைக்கு எட்டவே கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாளி, ஒரே நிற முட்டை என்று கட்டினால் அன்று முழுக்கக் காவல் நிற்க வேண்டியதுதான். நிறத்தைப் பிரித்துவிடுங்கள், நீல முட்டையெல்லாம் அண்ணனுக்கு, மஞ்சள் முட்டையெல்லாம் தங்கைக்கு, நீல முட்டையை அவள் எடுத்தால் அண்ணனிடம் கொடுத்து ஒரு மஞ்சள் வாங்கிக்கொள்ளலாம் என்று அவனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவன் மிட்டாயை மட்டும் முட்டைக்குள் போடாமல் தனி ஜிப் பையில் வைத்து, தங்கை மதியம் தூங்கியதும் கொடுங்கள். தாத்தா பாட்டியோ பக்கத்து வீட்டாரோ கடைக்கூடை ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாலும் இதே வழிதான், வாங்கி நன்றி சொல்லிவிட்டு, புல்லையும் மிட்டாயையும் உருவிக்கொண்டு பந்தைக் கையில் கொடுங்கள்.